புகைப்பட நிருபர் ஆக என்ன படிக்கலாம்? கோலாலம்பூர், பினாங்கு மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வெளியான கையோடு என் வாட்சாப்பில் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பாதி பிள்ளைகளிடமிருந்து, மீதி அவர்களுடைய அம்மா அப்பாவிடமிருந்து. கோலாலம்பூரில் ஒரு நாளிதழில் படமெடுத்துவிட்டு இப்போது எந்த நிறுவனத்திலும் சேராமல் தனியாளாக அதே வேலையைச் செய்கிறேன், சொந்த ஊர் பினாங்கு, அதனால் இரண்டு ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்காமல் பதில்களை இங்கே மொத்தமாகப் போட்டுவிடுகிறேன்.

புகைப்பட இதழியல் என்றால் என்ன? எங்கள் மாமாவும்தான் கல்யாணத்துக்குப் படமெடுக்கிறார், அதுதானா?

கேமரா ஒன்றுதான், வேலை வேறு. கல்யாணத்தில் மாலை மாற்றும் நேரத்தில் யாராவது குறுக்கே வந்துவிட்டால், "மாப்பிள்ளை, இன்னொரு தடவை போடுங்க" என்று சொல்லலாம், அவரும் சிரித்துக்கொண்டே போடுவார். செய்திப் படத்தில் அப்படிச் சொன்ன நிமிடமே நீங்கள் நிருபர் இல்லை. யாரையும் நிற்க வைக்கக் கூடாது, திரும்பச் செய்யச் சொல்லக் கூடாது, தவறவிட்டால் தவறவிட்டதுதான். கூடவே படத்தில் இருப்பவர் யார், இடம் எது, எப்போது, என்ன நடந்தது என்பதையும் நீங்களே கேட்டு எழுதித் தர வேண்டும். ஆகவே இதைப் புகைப்படக் கலையின் ஒரு பிரிவாகப் பார்க்காமல் நிருபர் வேலையின் ஒரு பிரிவாகப் பாருங்கள். எந்தக் கோர்ஸ், எந்த மொழி, எந்த வேலை என்று கீழே நான் சொல்வதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

மலேசியாவில் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறதா?

பெயர்ப்பலகையில் "புகைப்பட இதழியல்" என்று தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். பெரும்பாலும் இது இதழியல் அல்லது தொடர்பியல் பட்டத்துக்குள் ஒன்றிரண்டு பாடமாக வரும். பினாங்கில் யு.எஸ்.எம்.மின் தொடர்பியல் பள்ளி இருக்கிறது, மிண்டன் வளாகத்தில். கிள்ளான் பள்ளத்தாக்குப் பக்கம் மலாயா பல்கலைக்கழகத்தில் ஊடகவியல், செர்டாங்கில் யு.பி.எம்., பாங்கியில் யு.கே.எம். தனியார் பக்கம் யுடார், தார் யு.எம்.டி., பினாங்கில் ஹான் சியாங். இந்தக் கடைசி இடம் சீனச் சமூகம் வளர்த்தெடுத்த கல்லூரி. பத்திரிகைத் துறைக்கு ஆட்களைத் தயார் செய்வதில் அதற்கு நல்ல பெயர் உண்டு, நம்மவர்கள் பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

புகைப்படத்துக்கென்றே முழுப் பட்டம் வைத்திருப்பது ஷா ஆலாம் யு.ஐ.டி.எம். அங்கே இளங்கலைப் படிப்பு பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவர்களுக்குத்தான், ஆகவே நம் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அந்தக் கதவு இல்லை. இதை முன்பே தெரிந்துகொண்டால் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் ஒரு இடம் வீணாகாது.

என் கருத்தைக் கேட்டால், கலைக் கல்லூரியில் புகைப்படம் படிப்பதா, பல்கலைக்கழகத்தில் இதழியல் படிப்பதா என்ற குழப்பம் வந்தால் இதழியலையே எடுங்கள். ஒளியமைப்பை யூடியூபிலும் சீனியர்களிடமும் கற்றுக்கொள்ளலாம். நீதிமன்றச் செய்தி எழுதுவதையும், அவதூறுச் சட்டத்தையும், பட்ஜெட் நாளில் எந்த அமைச்சர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும் யாரும் அப்படிச் சொல்லித் தரமாட்டார்கள்.

எஸ்.டி.பி.எம்.மா, டிப்ளோமாவா, பவுண்டேஷனா?

பணம் நெருக்கடி என்றால் எஸ்.டி.பி.எம். எழுதும் ஆறாம் படிவம்தான், சந்தேகமே வேண்டாம். செலவு மிகக் குறைவு, அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நேர் வழி. எஸ்.பி.எம்.மில் மலாயும் வரலாறும் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முவெட் ஆங்கிலத் தேர்வையும் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள், ஏனென்றால் இந்தத் துறையில் ஆங்கில மதிப்பெண்ணைக் கூடுதலாகவே பார்ப்பார்கள். தனியார் கல்லூரி என்றால் கையெழுத்துப் போடும் முன்பு அந்தக் கோர்ஸ் அரசின் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் பாருங்கள், கல்லூரி கவுண்டரில் இருப்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அங்கீகாரம் இல்லாவிட்டால் பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடனும் கிடைக்காது.

அறிவியல் பிரிவு எடுத்திருக்க வேண்டுமா?

தேவையில்லை.

தமிழ் மட்டும் நன்றாக வரும். போதுமா?

போதாது, ஆனால் அதை ஒதுக்கியும் வைக்காதீர்கள். களத்தில் போலீஸ்காரரிடமும் தீயணைப்பு வீரரிடமும் மலாயில்தான் பேசுவீர்கள். ஏ.பி., ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி. போன்ற செய்தி நிறுவனங்களுக்குப் படக்குறிப்பு ஆங்கிலத்தில்தான் போகும். மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர், அல்லது பெர்னாமாவின் தமிழ்ச் செய்திப் பிரிவு என்று போனால் தமிழ்.

ஆனால் தமிழுக்கு இன்னொரு பலன் இருக்கிறது, அதைப் பல பேர் கவனிப்பதில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்த லயத்து வீட்டில், ஒரு பாட்டியிடம் "ஆத்தா, உள்ள வரலாமா?" என்று கேட்டு அடுப்படி வரை போகக்கூடிய புகைப்படக்காரர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்? வெளியே வேலிப் பக்கம் நின்று எடுக்கும் படம் எல்லோரிடமும் இருக்கும். 2007 நவம்பர் 25-ல் இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் பேரணி நடந்தபோதும் அப்படித்தான். கண்ணீர்ப்புகைப் படம் எல்லா நிறுவனங்களுக்கும் கிடைத்தது. அந்தக் கூட்டம் எந்தெந்த ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தது, ஏன் வந்தது என்பதைக் கேட்டுப் புரிந்துகொள்ள அவர்களோடு பேசும் மொழி வேண்டும்.

வகுப்பில் அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்?

எக்ஸ்போஷர், லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் முதல் சில வாரங்களில் முடிந்துவிடும். அப்புறம் வருவதுதான் கடினமானது. ஒரு கதையை ஒன்பது பத்துப் படங்களில் சொல்வது, குவிந்து கிடக்கும் நூற்றுக்கணக்கான படங்களில் மூன்றைத் தேர்ந்தெடுப்பது, ஊடகச் சட்டம், நெறிமுறை, அப்புறம் படக்குறிப்பு. மாணவர்கள் சலிப்போடு செய்வது இந்தக் கடைசி வேலையைத்தான். பத்திரிகை ஆசிரியர் மேசையில் உங்களை எடைபோடுவதும் அதை வைத்துத்தான்.

ஒரு எடுத்துக்காட்டு. தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கில் எடுத்த படம் என்று வையுங்கள். மாணவர் எழுதுவது: "தைப்பூசத்தில் பக்தர்கள் தேங்காய் உடைக்கும் காட்சி." இதில் படத்தில் தெரியாத எதுவுமே இல்லை. எழுத வேண்டியது இப்படி: "பினாங்கு ஜாலான் கெபுன் புங்காவில் வெள்ளி ரதம் வந்து சேர்வதற்கு முன், சாலையில் குவித்த தேங்காய்களை பட்டர்வொர்த் லாரி ஓட்டுநர் ஒருவர் தம் இரண்டு மகன்களோடு உடைக்கிறார். காரைக்குடியில் செய்யப்பட்ட இந்த ரதம் 1894-ல் பினாங்குக்கு வந்தது." ஓட்டுநரின் முழுப் பெயரும் வயதும் முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும், எழுத்துப் பிழை இல்லாமல். அதற்கு நீங்கள் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு அவரிடம் போய்ப் பேச வேண்டும், அந்தச் சத்தத்தில் பெயரை இரண்டு தடவை கேட்க வேண்டும், முடிந்தால் அவரையே உங்கள் நோட்டில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். தேங்காய்த் தண்ணீர் தெறித்த நோட்டுப் புத்தகம் இல்லாமல் அந்தச் சாலையிலிருந்து திரும்பி வந்த மாணவனிடம் படம் மட்டும்தான் இருக்கும்.

தைப்பூசப் படங்களைப் போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா?

எல்லோரும் இதைக் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வைக்கலாம், ஆனால் அலகு குத்திய நாக்கின் குளோசப்பை வைக்காதீர்கள். பத்துமலையின் 272 படிகளிலும் அன்றைக்கு உலகத்துக் கேமராக்கள் எல்லாம் நிற்கின்றன, அந்தப் படம் ஒவ்வொரு செய்தி நிறுவனத்தின் காப்பகத்திலும் ஆண்டுவாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டுக்காரருக்கு அது வேடிக்கை. நமக்கு அது அத்தையின் வேண்டுதல். அந்த வித்தியாசம் படத்தில் தெரிய வேண்டாமா?

முடி இறக்கும் கூடாரத்தில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் நாவிதரைப் பாருங்கள். காவடியைக் கழற்றிய பிறகு ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவரை, அவர் காலைப் பிடித்துவிடும் தங்கையைப் பாருங்கள். பினாங்கில் ரதம் போன பிறகு சாலையில் கிடக்கும் ஓடுகளை நகராண்மைக் கழக ஆட்கள் வாரும் நேரத்தில் முக்கால்வாசிக் கேமராக்கள் ரதத்தோடு போய்விட்டிருக்கும், நீங்கள் அங்கேயே நில்லுங்கள். 2017-லிருந்து அங்கே தங்க ரதமும் வருகிறது. இரண்டு ரதம், இரண்டு நிர்வாகம் என்பதால் எழுதவும் படமெடுக்கவும் நிறைய இருக்கிறது. ஒரு குடும்பத்தை விரதம் தொடங்கும் நாளிலிருந்து பின்தொடர முடிந்தால் இன்னும் நல்லது. அந்த ஒரு தொடர், நாற்பது தனிப் படங்களைவிட ஒரு பட ஆசிரியரிடம் அதிகம் பேசும்.

படத்தை எந்த அளவுக்கு எடிட் செய்யலாம்?

வெளிச்சம், நிறம், வெட்டுவது, இவற்றை அளவோடு செய்யலாம். படத்தில் இருந்த ஒன்றை எடுக்கவோ, இல்லாத ஒன்றைச் சேர்க்கவோ கூடாது. சும்மா மிரட்டவில்லை. 2014-ல் நார்சிஸோ கொன்ட்ரேராஸ் என்ற புகைப்படக்காரர், சிரியாவில் எடுத்த ஒரு படத்தின் ஓரத்தில் தெரிந்த வீடியோ கேமராவை அழித்துவிட்டு அனுப்பியதற்காக ஏ.பி. அவரோடு உறவையே துண்டித்தது. புலிட்சர் விருது வாங்கிய குழுவில் இருந்தவர் அவர். அடுத்த ஆண்டு ராய்ட்டர்ஸ் தன் தனியாட்களிடம், கேமராவின் பதப்படுத்தாத ரா ஃபைலிலிருந்து மெருகேற்றிய படம் வேண்டாம், கேமராவே உருவாக்கிய ஜேபெக் படத்தை மட்டும் அனுப்புங்கள் என்றது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இன்னும் இறுக்கம். படம் எந்தக் கேமராவில் எடுக்கப்பட்டது, பிறகு என்ன மாற்றம் நடந்தது என்பதை ஃபைலுக்குள்ளேயே முத்திரையிட்டு வைக்கும் வசதி 2023-ல் லைக்கா எம்11-பி கேமராவில் முதலில் வந்தது. அதை வாங்கச் சொல்லவில்லை, அதன் விலைக்கு ஒரு பழைய மைவி கார் வாங்கலாம். உங்கள் அசல் ஃபைல்களை அழிக்காமல் வைத்திருங்கள் என்பதுதான் விஷயம்.

கேமராவுக்கு எவ்வளவு செலவாகும்?

முதல் ஆண்டிலேயே கடன் வாங்கிப் புதுசு வாங்க வேண்டாம். பல இடங்களில் துறையிலேயே கேமரா இரவல் தருவார்கள், முதலில் அதைக் கேளுங்கள். வாங்குவதானால் இரண்டாம் கை பாடி ஒன்று, ஒரு 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ். விளையாட்டும் நாடாளுமன்ற வாசலும் எடுக்கும்போதுதான் தூரத்தை இழுக்கும் 70-200 லென்ஸ் தேவைப்படும், அதற்குள் யாராவது சீனியர் விற்பார். மெமரி கார்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

சட்டத்தில் மாட்டிக்கொள்வோமா?

தெரியாமல் போனால் மாட்டுவீர்கள். துப்பாக்கியோடு நிற்கும் ஆள் படம் போட்ட சிவப்புப் பலகை இருக்கிறதே, அது 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம், அங்கே கேமராவை எடுக்காதீர்கள். நீதிமன்ற வாசலில் எடுக்கலாம், உள்ளே முடியாது. வழக்கில் சம்பந்தப்பட்ட சிறுவர்களின் முகத்தையோ அடையாளத்தையோ வெளியிட 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் தடை போடுகிறது, பள்ளிச் சீருடையின் பேட்ஜ் தெரிந்தாலும் அடையாளம்தான். ட்ரோன் பறக்கவிடுவதற்கு முன் வான் போக்குவரத்து ஆணையமான சி.ஏ.ஏ.எம்.மின் விதிகளைப் படியுங்கள்.

பேரணி என்றால் தகவல் துறை தரும் ஊடக அட்டையைக் கழுத்தில் தெரியும்படி போடுங்கள். அது இருந்தும் 2012 ஏப்ரல் 28-ல் நேர்மையான தேர்தல் கேட்ட பெர்சே 3.0 பேரணியில் படம்பிடித்தவர்கள் அடிவாங்கினார்கள், கேமரா பறிபோனது. கூட்டத்துக்கும் போலீசுக்கும் நடுவில் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், எந்தச் சந்து வழியாக வெளியே வரலாம் என்று முன்பே பார்த்து வையுங்கள், கார்டை அடிக்கடி மாற்றுங்கள்.

உண்மையைச் சொல்லுங்கள், வேலை கிடைக்குமா?

"பத்திரிகையில் நிரந்தரப் புகைப்படக்காரர்" என்ற ஒரே நாற்காலியை மனத்தில் வைத்துக் கேட்டால், கஷ்டம். 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-ல் நின்றுபோனது. மலாய் மெயில் 2018 டிசம்பரில் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. உத்துசான் மலேசியா 2019-ல் மூடி, பிறகு மறுபடி வந்தது. வெளிநாட்டிலும் இதே நிலைதான், சிகாகோ சன்-டைம்ஸ் 2013-ல் தன் 28 புகைப்படக்காரர்களையும் ஒரே நாளில் அனுப்பியது. இப்போது ஒரே ஆள் படமும் வீடியோவும் எடுத்து இரண்டு பத்தி எழுதியும் அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதைக் குறை சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை, வீடியோ கற்றுக்கொள்ளுங்கள்.

நாற்காலியை விட்டுவிட்டுத் துறையைப் பார்த்தால் இடம் இருக்கிறது. பெர்னாமா, ஆர்.டி.எம்., அஸ்ட்ரோ, இணையச் செய்தித் தளங்கள். கோலாலம்பூரில் அலுவலகம் வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நாள்கூலியில் எடுக்கும் வேலை. விளையாட்டுச் சங்கங்கள். அகதிகள், மருத்துவ உதவி, சுற்றுச்சூழல் என்று வேலை செய்யும் அமைப்புகளுக்கு நேர்மையாகக் கதை சொல்லும் ஆள் எப்போதும் தேவை. படம் தேர்ந்தெடுக்கும் பட ஆசிரியர் வேலை ஒன்று இருக்கிறது, கேமரா தூக்காமலே செய்யலாம், நல்ல கண்ணும் பொறுமையும் உள்ளவர்களுக்கு ஏற்றது. நிறுவனங்களின் தொடர்புத் துறையில் சேர்ந்தவர்களும் நிறைய, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சனி ஞாயிறில் கல்யாணப் படமெடுத்துத் திங்கள் முதல் வெள்ளி வரை தன் சொந்தத் தொடரைச் செய்பவர்களையும் எனக்குத் தெரியும், மாமாவைக் கிண்டல் செய்யாதீர்கள்.

சம்பளம்?

புதிதாகச் சேர்பவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் பல இடங்களில் தொடங்கும். 2025 பிப்ரவரியிலிருந்து அந்தக் குறைந்தபட்சம் மாதம் 1,700 ரிங்கிட். கோலாலம்பூரில் அறை வாடகை, பெட்ரோல், டோல் போக என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பினாங்கில் வீட்டிலிருந்தே போய்வர முடிந்தால் முதல் இரண்டு ஆண்டு அது பெரிய உதவி.

தனியாளாகப் போகும் முன் ஒரு சட்டப் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து உங்களை எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவருக்கே போய்விடும். "நான்தானே எடுத்தேன்" என்று பிறகு சண்டை போட்டுப் பயனில்லை. ஆகவே வேலைக்கு முன்பே, எத்தனை படம், எங்கே பயன்படுத்தலாம், உரிமை யாருக்கு என்று ஒரு மின்னஞ்சலாவது அனுப்பிப் பதில் வாங்குங்கள். படத்துக்குக் கீழே பெயர் போடுவது எவ்வளவு பெரிய விவகாரம் ஆகும் என்பதற்கு வியட்நாமில் 1972-ல் எடுத்த, நாபாம் குண்டில் வெந்து ஓடிவரும் அந்தச் சிறுமியின் படமே போதும். எடுத்தவர் ஏ.பி.யின் நிக் உட் என்றுதான் உலகம் நம்பியது, 2025-ல் அது ஒரு தனியாள் எடுத்ததாக இருக்கலாம் என்ற கேள்வி எழுந்து வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு பெயரை நிறுத்தி வைத்தது, ஏ.பி. மாற்ற மறுத்தது.

இன்னொன்று, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் சுயதொழில் செய்பவர்களுக்கான திட்டம் இருக்கிறது. மோட்டாரில் ஓடியோடி வேலை செய்யும் ஆட்கள் நாம், சேர்ந்துவிடுங்கள்.

பெண் பிள்ளை. ராத்திரி பகல் பார்க்காத வேலையாமே?

நேரம் கெட்ட நேரத்தில் கூப்பிடுவார்கள், மறைக்கவில்லை. வெள்ளம், தீ, இடைத்தேர்தல் எல்லாம் நம் வசதியைப் பார்த்து வருவதில்லை. ஆனால் பெண்கள் இந்த வேலையைப் புதிதாகச் செய்யவில்லை அம்மா. இந்தியாவில் ஹோமாய் வியாரவாலா 1940-களிலேயே சேலை கட்டிக்கொண்டு தலைவர்களைப் படமெடுத்தவர். நம் நாட்டு அனிஸ் லின் 2018-ல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் போய்ப் படமெடுத்தார். ஒரு பெண் கேமராவோடு போனால் திறக்கிற வீடுகளும் உண்டு, பிரசவ அறையிலும் பெண்கள் விடுதியிலும் என்னை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். பயிற்சிக்குப் போகும் இடத்தில் பெண் சீனியர்கள் இருக்கிறார்களா, இரவு வேலைக்கு வண்டி தருவார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

வெளிநாடு போய்ப் படிப்பது நல்லதா?

கையில் காசோ உதவித்தொகையோ இருந்தால் நல்லது. அமெரிக்காவில் மிசௌரி, டென்மார்க்கில் ஓர்ஹூஸ், லண்டனில் எல்.சி.சி. தொடர்பியல் கல்லூரி, இவை மூன்றும் இந்தப் படிப்பில் பேர்போனவை. ஆனால் இங்கே பட்டம் முடித்துவிட்டு, கம்போடியாவின் சியாம் ரீப்பில் ஆங்கோர் புகைப்பட விழா நடத்தும் பயிலரங்குக்கு விண்ணப்பிப்பது பலருக்குப் பொருத்தமாக இருக்கும். 2005-லிருந்து நடக்கிறது, ஆசியப் புகைப்படக்காரர்களுக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. பினாங்கில் 2013-ல் தொடங்கிய ஒப்ஸ்குரா புகைப்பட விழாவும் ஜார்ஜ்டவுன் தெருக்களுக்கே உலகத்தரமான படங்களைக் கொண்டுவந்தது.

பட்டம் இல்லாமலே இதைச் செய்ய முடியாதா?

முடியும். தமிழ்நாட்டில் மு. பழனி குமார் படித்தது பொறியியல், சாக்கடைத் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் படமெடுத்துத்தான் அறியப்பட்டார். ராய்ட்டர்ஸின் டேனிஷ் சித்திக்கி வேறு பக்கத்திலிருந்து வந்தவர், பொருளாதாரமும் ஊடகவியலும் படித்து, தொலைக்காட்சி நிருபராக இருந்து, 2010-ல் பயிற்சியாளராகச் சேர்ந்து கேமராவுக்கு மாறினார். ரோஹிங்கியா படங்களுக்காக 2018-ல் புலிட்சர் வென்ற குழுவில் இருந்தார், 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் செய்தி சேகரிக்கும்போது கொல்லப்பட்டார். ஆனால் மலேசியாவில் பட்டம் இல்லாவிட்டால் பெரிய நிறுவனங்களின் மனிதவளத் துறையில் உங்கள் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிட வாய்ப்பு அதிகம், பட ஆசிரியர் கைக்கே போகாது. படிக்க வழி இருந்தால் படியுங்கள்.

பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது எத்தனை படம் அனுப்ப வேண்டும்?

பதினைந்து போதும். அதில் ஒரு தொடர் ஆறேழு படமாக இருக்கட்டும், மீதி தனிப் படங்கள், செய்தி ஒன்று, விளையாட்டு ஒன்று, ஒரு ஆளின் முகம், அன்றாடத் தெரு வாழ்க்கை. பூனை, சூரிய அஸ்தமனம், இரட்டைக் கோபுரம் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் முழுப் படக்குறிப்பு, ஆங்கிலத்திலும் மலாயிலும், தமிழ்ப் பத்திரிகைக்கு என்றால் தமிழிலும். பி.டி.எஃப். ஆக ஒரே ஃபைல், பெயரில் உங்கள் பெயரும் ஆண்டும். அனுப்பி ஒரு வாரம் பதில் வராவிட்டால் போன் செய்யுங்கள், மத்தியானம் மூன்று மணிக்கு முன்பு. அதற்குப் பிறகு செய்தி மேசையில் யாரும் உங்களோடு நின்று பேசமாட்டார்கள்.